நிஷாந்தினிக்குக் காது மந்தம்

நிஷாந்தினியின் காது போல ஒரு காது கண்டி டவுனில் இன்னொருவருக்கு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் எத்தனை மணிக்கு உறுமத் தொடங்கி எத்தனை மணிக்கு அடங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். குழல் விளக்கு பழுதாகப் போகிறதென்றால் அது மினுக்குவதற்கு ஒரு வாரம் முந்தியே சொல்லிவிடுவாள். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் எங்கோ பின்பக்கம் ஒரு ஜன்னல் கண்ணாடி கழன்று ஆடினால், ஏறின நிமிஷத்திலிருந்து இறங்குகிற வரைக்கும் அந்த ஒன்றுதான் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவளைத்தான் பெற்ற தாயே காது மந்தம் என்று நாலு பேர் முன்னால் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வீடு கட்டுகஸ்தோட்டையில். அப்பா நடராஜாவுக்கு டவுனில் ஒரு சின்னப் பாத்திரக் கடை, அம்மா இராஜேஸ்வரி வீட்டோடு, எட்டு வயது இளைய தம்பி பிரதீஸ் ஒரு நிதி நிறுவனத்தில். நிஷாந்தினிக்குக் கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகத்துக்குப் பக்கத்தில் இன்ஷாப் நானாவின் டைப்பிங் கடையில் வேலை. பதினாறு வருஷமாக அதே கதிரை. காணி விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தம், பொலிசுக்கு முறைப்பாடு, எதைக் கொண்டு வந்தாலும் தமிழிலோ சிங்களத்திலோ இங்கிலீஷிலோ பிழையில்லாமல் அடித்துத் தருவாள். தலையை மட்டும் தூக்க மாட்டாள். வந்தவரின் முகத்தைப் பார்த்தால் அவர் சொல்வது மனதில் ஏறாது, சொல்வதைக் கேட்டால் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்பதால் அவள் வேலைக்கு உதவுகிறதைச் செய்தாள்.

இது வெளியே தெரிகிறதா என்று கேட்டால், தெரிகிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கண் தெரியாதவர் கையில் வெள்ளைப் பிரம்பு இருக்கும். நிஷாந்தினியிடம் அப்படி ஒன்றும் இல்லை. வாரிப் பின்னின தலை, இஸ்திரி போட்ட சுடிதார், பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாத பெண். ஐந்து நிமிஷம் பேசினால்தான் ஏதோ ஒன்று இடிக்கும். என்னவென்று சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார். கடைக்கு வருகிறவர்கள் தலைக்கனம் என்றார்கள். சொந்தக்காரர்கள் ஒரு படி மேலே போய், "ராஜேஸ்வரி மக ஒரு மாதிரி" என்றார்கள். இந்த 'ஒரு மாதிரி' இருக்கிறதே, நம் சனத்தின் வாயில் இதைவிடப் பொல்லாத சொல் கிடையாது. எந்த மாதிரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்கவும் மாட்டார்கள்.

இன்ஷாப் நானா ஒருவர்தான் வேறு விதமாகப் பார்த்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவர் ஒன்றைக் கவனித்தார். எதைக் கேட்டாலும் நிஷாந்தினி உடனே பதில் சொல்வதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணினால் ஆறு வரும்வரைக்கும் ஆகும். பிறகு பதில் வரும், சரியான பதிலாக வரும். அதற்குள் மற்றவர்கள் அதையே இரண்டாம் தரம் கேட்டுவிடுவார்கள், அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நானா கேட்டுவிட்டுப் பேனையைத் தேடுவார், இல்லாவிட்டால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். "அவசரமில்ல தங்கச்சி" என்பார். அந்த ஆறு வினாடியை அவளுக்குக் கொடுத்த ஒரே மனிதர் அவர்தான். அவரிடமும் அவள் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசினதில்லை, என்ன பேசுவது என்று தெரியாததால்.

இந்த 'ஒரு மாதிரி'க்குப் பெயர் தெரிய வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஒரு பாலர் பாடசாலை டீச்சர், பெற்றோருக்குக் கொடுக்க என்று ஒரு துண்டுப் பிரசுரம் அடிக்கக் கொண்டு வந்தார். 'ஓட்டிசம்: உங்கள் பிள்ளையிடம் கவனிக்க வேண்டியவை' என்று தலைப்பு, கீழே பதினான்கு வரி. கண்ணைப் பார்த்துப் பேசாமை. சத்தத்துக்குக் காதைப் பொத்துதல். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளுதல். விரல்களை ஓயாமல் அசைத்தல். ஐந்தாவது வரியில் அவள் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது. பதினான்கில் பன்னிரண்டு அவளுடையவை. பெரியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஏதோ இந்தப் பிள்ளைகள் வளர்ந்ததும் காணாமல் போய்விடுவார்கள் போல. இருநூறு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, இன்னும் ஒன்று எடுத்து மடித்து வீட்டுக்குக் கொண்டு போனாள்.

அம்மா அதைக் குசினியில் நின்றபடி இரண்டு தரம் வாசித்தாள். ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு இதெல்லாம் நீ மூணு வயசா இருக்கையிலேயே தெரியும். பேருதான் தெரியாது."

"இப்ப தெரிஞ்சிருச்சு" என்றாள் நிஷாந்தினி.

"தெரிஞ்சது நம்மளோட இருக்கட்டும். ஒன்னயப் பாத்தா ஒன்னும் தெரியாது. அதுதான் கடவுள் நமக்குச் செஞ்ச நல்லது. தம்பி கல்யாணம் முடியிறவரைக்கும் இத யார்ட்டயும் காட்டாத."

பிரசுரம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் போனது. நிஷாந்தினி மறுக்கவில்லை. தம்பியின் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அந்த வீட்டில் அதிகம் ஆசைப்பட்டது அவள்தான், தம்பியை விடவும். காரணம் மூன்றாவது முடிச்சு.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் சித்தப்பாவின் கல்யாணம் நடந்தது. அவர்கள் வழக்கத்தில் தாலியின் முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மூன்றாவதை மாப்பிள்ளையின் சகோதரி போடுவாள். அன்று அத்தை பொண்ணின் பின்னால் நின்று அந்த முடிச்சைப் போட்டதை நிஷாந்தினி பார்த்தாள். மண்டபம் முழுக்க அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் அத்தையைப் பேசச் சொல்லவில்லை, சிரிக்கச் சொல்லவில்லை. கைவேலை ஒன்று, அதைச் சரியாகச் செய்தால் போதும், நடுவில் உனக்கென்று ஒரு இடம். இப்படி ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிது. அது யார் போடுவது என்று அம்மாவிடம் கேட்டாள். "ஒந் தம்பி கல்யாணத்துக்கு நீதான் போடணும்" என்றாள் அம்மா, பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற அவசரத்தில். சொன்னவள் அன்றைக்கே மறந்திருப்பாள். கேட்டவள் இருபத்தாறு வருஷம் வைத்திருந்தாள்.

வைத்திருந்தாள் என்றால் சும்மா இல்லை. மஞ்சள் பூசின கயிறு வழுக்கும் என்பதால் அதையே வாங்கி வந்து, கதிரையின் முதுகுக் கட்டையில் முடிச்சுப் போட்டுப் பழகினாள். கண்ணை மூடிக்கொண்டும் போடுவாள். முடிச்சில் பிரச்சினை இல்லை, பிரச்சினை மேளத்தில் இருந்தது. ஐயர் 'கெட்டி மேளம்' என்று சொன்னதும் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து எழும்புகிற சத்தத்தில் அவளுக்கு மண்டைக்குள் ஊசி இறங்கும். எந்தக் கல்யாணத்திலும் அந்த நேரம் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பவள் அவள். ஆனால் முடிச்சு போடுகிறவள் வெளியே நிற்க முடியாது. அதனால் கெட்டி மேளம் ஒன்றைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொண்டு, வேலை விட்டு வந்ததும் மொட்டை மாடியில் நின்று கேட்கத் தொடங்கினாள். முதல் வாரம் எறும்பு ஊர்கிற சத்தம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒன்றரை வருஷத்தில் முழுச் சத்தத்துக்கு வந்தாள். மொத்தம் ஐம்பத்திரண்டு வினாடி. காதில் கை வைக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, கயிறைக் கையில் பிடித்தபடி ஐம்பத்திரண்டு வினாடியும் நிற்க முடிந்த அன்று அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால் கீழே வந்து சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

இவள் இங்கே தயாராகிக்கொண்டிருக்க, அங்கே பிரதீசின் சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் போய்க்கொண்டிருந்தன. மாத்தளையிலிருந்து வந்த பொண்ணு வீட்டாரில் ஒரு அம்மா வெடிச்சிரிப்புச் சிரித்தார். நிஷாந்தினியின் இரண்டு கையும் தானாகக் காதுக்குப் போனது. கலகெதரக்காரர்கள் வந்தபோது, பிரதீஸ் மேனேஜர் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். "உதவி மேனேஜர். அதுவும் இன்னும் நிரந்தரமாக்கல" என்று நிஷாந்தினி திருத்தினாள். பிழையைக் கண்டால் திருத்துவது அவள் தொழில். இரண்டு இடத்திலிருந்தும் தரகர் ஒரே பதிலைத்தான் கொண்டு வந்தார். பையன் தங்கமானவன், ஆனால் அக்கா ஒரு மாதிரி என்று யோசிக்கிறார்களாம்.

மூன்றாவதாக வந்தவர்கள் கெலிஓயாவில் புடைவைக் கடை வைத்திருக்கிற குடும்பம். பொண்ணு பெயர் டிலானி. அவள் அம்மாவும் பெரியம்மாவும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அதற்கு முந்தின மூன்று நாளும் இராஜேஸ்வரி மகளுக்குப் பாடம் நடத்தினாள். சிரிக்கணும், முகத்தைப் பார்க்கணும், விரலை ஆட்டக்கூடாது, கேட்டதுக்கு மட்டும் பதில், அதுவும் அளவாக. நிஷாந்தினி நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நீங்க எங்கம்மா வேலை செய்றீங்க?" என்று கேட்டார் டிலானியின் அம்மா.

அவள் எண்ணத் தொடங்கினாள். சிரிக்கணும். முகத்தைப் பார்க்கணும். கடை பெயரைச் சொல்வதா, இடத்தைச் சொல்வதா. அதற்குள் அவர் இரண்டாம் தரம் கேட்டார். பிறகு மூன்றாம் தரம். டிலானியின் பெரியம்மா புருவத்தை உயர்த்தித் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை இராஜேஸ்வரி ஏற்கெனவே இரண்டு குடும்பத்தில் பார்த்திருக்கிறாள். மகனின் மூன்றாவது சம்பந்தம் கண் முன்னால் எழும்பிப் போகப் போகிறது. அந்த நேரத்தில் அவள் வாயில் வந்ததுதான் அது.

"அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். சின்ன வயசுல காய்ச்சல் வந்து அப்பிடி ஆயிருச்சு. மத்தபடி தங்கமான பிள்ள."

இரண்டு பெண்களின் முகமும் அப்படியே இளகிவிட்டது. "அட பாவமே. அதுக்கென்னங்க, மனுசருக்கு வாறதுதானே" என்றார் டிலானியின் அம்மா. பிறகு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நிஷாந்தினியின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்து, மலையில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார். "எங்கம்மா வேலை?"

நிஷாந்தினி பதில் சொன்னாள். அடி வாங்கினவள் மாதிரி கண்ணில் தண்ணீர் நின்றது. "பாருங்க, எவ்வளவு இளகின மனசு" என்றார் பெரியம்மா.

அவர்கள் போன பிறகு அவள் அம்மாவிடம் கேட்டாள், "ஏன் பொய் சொன்னீங்க?"

"பொய்யில்லடி. அவங்களுக்குப் புரியிற மாதிரி ஒன்னச் சொன்னேன். செவிட்டு அக்கா இருக்கிற வீட்டுக்குப் பொண்ணு குடுப்பாங்க. ஒரு மாதிரி அக்கா இருக்கிற வீட்டுக்குக் குடுக்க மாட்டாங்க."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே கெலிஓயாவிலிருந்து சம்மதம் வந்தது. அப்பா அன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு லட்டுப் பெட்டியோடு வந்தார். நிஷாந்தினி கதிரை முதுகிலிருந்த பழைய கயிறைக் கழற்றிவிட்டுப் புதுக் கயிறு கட்டினாள். கத்துவது கல்யாணம் முடியும் வரைக்கும்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நிச்சயதார்த்தம் கெலிஓயாவில் பொண்ணு வீட்டில் நடந்தது. கூட்டமும் பேச்சும் தாங்க முடியாமல் நிஷாந்தினி குசினிக்குப் போய், தட்டுகளில் வெற்றிலை அடுக்குகிற வேலையை எடுத்துக்கொண்டாள். நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினாள். அவளுக்கு இரண்டடி தள்ளி டிலானியின் அம்மாவும் பெரியம்மாவும் வடையைத் தட்டில் போட்டபடி பேசினார்கள். டிலானி கண்ணாடி பார்த்துப் பூவைச் சரி செய்துகொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு.

"மூணாவது முடிச்சு இந்தப் பிள்ளையா போடும்?" என்றார் பெரியம்மா.

"அது சரி வராதுக்கா. ஐயர் கெட்டி மேளம் சொல்றது இதுக்குக் கேக்காது. நல்ல நேரம் தப்பிரும். மாப்பிள்ளையோட சித்தப்பா மக சந்திரிகா இருக்குதானே, அது போடட்டும். நான் ராஜேஸ்வரி அக்காட்ட சொல்லிர்றேன்."

"பாவம்மா" என்றாள் டிலானி. "அவங்களுக்கும் ஆசையா இருக்காதா?"

"ஆசையெல்லாம் அதுக்கு எங்க தெரியப்போகுது."

நிஷாந்தினியின் கை நிற்கவில்லை. ஒரு வெற்றிலை, அதன் மேல் இன்னொரு வெற்றிலை, நுனி கிழக்கே. எனக்குக் காது கேட்கும் என்று மூன்று சொல் சொன்னால் போதும். ஐயர் சொல்வது கேட்கும், தவில் கேட்கும், நீங்கள் இப்போது பேசினதும் கேட்டது. ஆனால் அந்த மூன்று சொல்லுக்குப் பின்னால் அம்மா பொய்க்காரியாக நிற்பாள். அப்பாவின் லட்டுப் பெட்டி, தம்பியின் புதுச் சட்டை, எல்லாம் அந்தக் குசினி வாசலிலேயே சரியும். இதை எல்லாம் அவள் ஆறு வினாடியில் யோசித்து முடித்தாள். யாரும் எதையும் கேட்காததால் இந்தத் தரம் யாரும் குறுக்கிடவில்லை. தட்டை நிரப்பிக் கொண்டுபோய் முன் அறையில் வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் வேனில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். "அவங்க என்ட்ட சொன்னாங்க. நான் என்ன சொல்ல முடியும், சொல்லு. இப்பப் போய்க் காது நல்லாக் கேக்கும்னா காறித் துப்புவாங்க."

"நான் மேளத்துக்குப் பழகிட்டேன்மா. அம்பத்திரண்டு வினாடி."

அம்மாவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. மொட்டை மாடிக்கு மகள் ஏன் போகிறாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

பிரதீஸ் அடுத்த நாள் அவள் அறை வாசலில் வந்து நின்றான். கெட்டவன் இல்லை அவன். சின்ன வயதில் அவன் அழுதால் மட்டும்தான் அவள் காதைப் பொத்தாமல் போய்த் தூக்குவாள். "அக்கா, முடிச்சு விசயம். சந்திரிகா போட்டா ஒங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமா? உண்மையச் சொல்லுங்க" என்றான். அவள் எண்ணத் தொடங்கினாள். உண்மையைத்தான் சொல்லப் போகிறாள், அதற்குச் சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வினாடியில் அவன் கைப்பேசி அடித்தது. டிலானி. பேசிக்கொண்டே படியிறங்கிப் போனவன், ஆறாவது வினாடியில் கேட் பக்கம் நின்றான். அக்காவுக்கு ஒன்றும் இல்லை போல என்று நினைத்திருப்பான். திரும்ப வந்து கேட்கவில்லை.

கல்யாணம் ஆவணியில், கண்டி டவுனில் ஒரு மண்டபத்தில். நிஷாந்தினிக்கு மெரூன் நிறத்தில் பட்டுச் சேலை. அம்மா அவளைத் தன் பக்கத்திலேயே மேடைக்குக் கீழே நிறுத்திக்கொண்டு, "வெளிய போயிறாத. கூடப் பொறந்தவள காணோம்னு கேப்பாங்க" என்றாள். பிறகு காதோரம் குனிந்து, "காதப் பொத்திறாதடி. காது கேக்காதவ காதப் பொத்துனா எல்லாம் போச்சு" என்றாள்.

ஐயர் சொன்னார். மேளம் எழும்பியது. கைப்பேசியில் கேட்டது ஒன்று, நாலு பேர் உயிரைக் கொடுத்து வாசிக்கிறது இன்னொன்று. நிஷாந்தினி இரண்டு கையையும் சேலை மடிப்புக்குள் விட்டு, முந்தானை நூலைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி நின்ற ஜனம் அட்சதை எறிந்தது. முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது, ஏனென்றால் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேடையில் சந்திரிகா குனிந்தாள். ஃபோட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்கள் என்று கை காட்ட, சந்திரிகா முடிச்சுப் போடும்போதே நிமிர்ந்து சிரித்தாள். கயிறை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள், இறுக்கவில்லை. அது முடிச்சே இல்லை, வெறும் கண்ணி. அதை அந்த மண்டபத்தில் ஒருவர்தான் பார்த்தார். சேலை மடிப்புக்குள் அவள் விரல்கள் முந்தானை நூலில் அதைச் சரியாகப் போட்டு முடித்தன. மேளம் நாற்பத்தேழு வினாடியில் நின்றது. அவளால் இன்னும் ஐந்து வினாடி நின்றிருக்க முடியும்.

முடிந்த பிறகு பந்தியில் ஒரு கிழவி சொன்னது அவளுக்குக் கேட்டது. "மாப்பிள்ளையோட அக்கா கல்லு மாதிரி நிக்கிறா. தம்பி கல்யாணத்துல ஒரு சொட்டுக் கண்ணீர் வரல."

பொய் கல்யாணத்தோடு முடியும் என்று அவள் நினைத்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம். மருமகள் அதே வீட்டில்தானே குடியிருக்கப் போகிறாள். டிலானி வந்த நாளிலிருந்து அந்த வீடு உரக்கப் பேசத் தொடங்கியது. காலையில் அப்பா கத்துவார், தம்பி கத்துவான், அம்மா எல்லாரையும் விடக் கத்துவாள். பின்னால் கிண்ணம் விழுந்தால் திரும்பக்கூடாது. கதவு மணி அடித்தால் எழும்பக்கூடாது. பகலெல்லாம் கச்சேரிப் பக்கத்து ஹாரன் சத்தத்தைத் தாங்கிக்கொண்டு, சாயங்காலம் வந்து கதவைச் சாத்தினால் அடங்குகிற ஒரு வீடு அவளுக்கு இருந்தது. அதுவும் போனது. வேலை முடிந்தும் அவள் கடையிலேயே இருக்க ஆரம்பித்தாள். இன்ஷாப் நானா ஒருநாள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "ஊட்டுல ஏதும் பிரச்சினையா தங்கச்சி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு கண்ணாடியைத் துடைத்தார், சாவியைத் தேடினார், நேரம் கொடுத்தார். "சத்தம்" என்றாள் அவள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வரவில்லை. அவரும் தலையை ஆட்டிவிட்டு, மற்றப் பாதி ஷட்டரை மெதுவாக இறக்கினார்.

டிலானி நல்லவள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கத்துவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கொப்பியிலிருந்து தாள் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதி நீட்டுவாள். 'அண்ணி, தேத்தண்ணி வேணுமா?' 'அண்ணி, இந்தச் சட்டை எனக்கு நல்லா இருக்கா?' எழுத்து அவசரப்படுத்தாது, முகத்தைப் பார் என்று கேட்காது, பதில் வரும் வரைக்கும் கையிலேயே இருக்கும். முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி வசதியாக யாரும் நிஷாந்தினியோடு பேசினதில்லை. அந்தத் துண்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் பெட்டியில் சேர்த்து வைத்தாள். ஆனால் ஒவ்வொன்றையும் போட்டதும் மூடியை அழுத்திச் சாத்துவாள். அந்த அன்பு காது கேட்காத ஒருத்திக்கு வந்தது. அவள் அதைப் பிரித்து வாசித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

தலைத் தீபாவளிக்குப் பிரதீசும் டிலானியும் முந்தின நாளே கெலிஓயாவுக்குப் போனார்கள். அப்பா கடையில். நிஷாந்தினிக்கு அரை நாள் லீவு. பகல் இரண்டு மணிக்கு அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது வீடு பழைய வீடாக இருந்தது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் அடங்கியிருந்தது. தூரத்தில் மகாவலி ஆற்றுப் பக்கம் ஒரு காகம் கத்தியது, பிறகு அதுவும் இல்லை. அவள் முன் அறைக் கதிரையில் உட்கார்ந்து விரல்களை இஷ்டப்படி அசைய விட்டாள். மூன்று மாதத்தில் முதல் தரமாகத் தோள் கீழே இறங்கியது.

"நிஷா. தேத்தண்ணி போடட்டா?"

அம்மாதான். கதிரைக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் நின்று, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். நிஷாந்தினி துள்ளி எழும்பினாள். இரண்டு கையும் காதுக்குப் போனது. அம்மா அதைப் பார்த்தும் விளங்காமல் இன்னும் உரக்க, "தேத்தண்ணி, தேத்தண்ணி" என்று வாயைத் திறந்து திறந்து காட்டினாள்.

"அம்மா" என்றாள் நிஷாந்தினி. "வீட்டுல யாரும் இல்ல."

"என்ன?"

"எனக்குக் காது கேக்கும்மா."

அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். நிஷாந்தினி பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு தாண்டியது. எட்டு தாண்டியது. அம்மா ஒரு பதிலுக்கு இவ்வளவு நேரம் எடுத்து அவள் பார்த்ததே இல்லை. அவள் இரண்டாம் தரம் கேட்காமல் காத்திருந்தாள், அப்படிக் கேட்டால் எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். பதினொன்றில் அம்மா வாயைத் திறந்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"மறந்துட்டேன்டி" என்றாள்.